அந்தோனியார் பெயரில் ஒரு மீட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. முழுசாகக் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பேச்சுதான் கிடைத்தது. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

"ஒமக்குத் தெரியாதாவே? நம்ம தெரேசுபுரத்து அந்தோனியாருக்கு மச்சான் ஒரு டீச்சரம்மால்லா! கரண்டு கேசுல அவிய நின்ன நிலைய நீரு பாத்திருக்கணும்."

கூட்டாளி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் திருச்செந்தூர் பஸ் வந்துவிட்டது. இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். நான் டீ கிளாஸும் கையுமாக அப்படியே நின்றேன். புனிதர் ஒருவருக்கு மச்சான். அந்த மச்சான் ஒரு பெண். அந்தப் பெண் ஒரு டீச்சர். போதாக்குறைக்கு ஒரு கரண்டு கேஸ். எழுத்தைப் பிழைப்பாக வைத்திருக்கிறவனுக்கு ஆயுளில் ஒரு முறைதான் இப்படி வாய்க்கும்.

தெரேசுபுரத்துக்குப் போய் விசாரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அது ஒன்றும் காத தூரம் இல்லை. ஆனாலும் போகவில்லை. விசாரித்தால் நடந்தது தெரிந்துவிடும். அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு பெரிய கதை அடங்கும் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. மின்சாரக் கம்பெனி, விசாரணைக் குழு, விளக்கு எல்லாமே நான் நட்டு வைத்தவை. யாரும் தூத்துக்குடியில் தேடி அலைய வேண்டாம்.

2

முதல் தொடக்கம்:

"1973-ஆம் வருஷம் மழை பொய்த்தது. அணைகளில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் —"

[இது வானொலியில் மாநிலச் செய்தி மாதிரி இருக்கிறது. நிறுத்திவிட்டேன். ஆனால் விஷயம் உங்களுக்குத் தேவை என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"கடல் அன்று —"

[கடல் அன்று எப்படி இருந்தால் என்ன? கடலில் தொடங்கும் கதைகளைப் படித்துப் படித்துக் கடலுக்கே அலுத்திருக்கும்.]

மூன்றாவது, கட்டுரையாகத் தொடங்கிப் பார்த்தேன். அது ஓரளவு நின்றது. அதையே தருகிறேன்.

மளிகைக் கடையில் பருப்பு விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். கடைக்காரர் முகம் பிடிக்காவிட்டாலும் போகலாம். மின்சாரத்துக்கு அடுத்த கடை கிடையாது. ஊருக்கு ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு ஒரு கம்பெனி. அவன் சொல்வதுதான் விலை. அவன் வெட்டுவதுதான் வெட்டு. இது அநியாயமாகிவிடக்கூடாது என்று யாரோ எப்போதோ யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். அரசாங்கம் ஒரு குழுவை அமைக்கும். குழு ஊருக்கு வரும். கம்பெனியைக் கூப்பிட்டு, "ஏன் இந்த விலை, ஏன் இந்த வெட்டு, சொல்லு" என்று கேட்கும். அதே மூச்சில் ஜனங்களையும் கேட்கும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. மலையைக் குடைந்து, ஆற்றைத் தேக்கி, ஊர் ஊராகக் கம்பம் நட்ட அத்தனை பெரிய வல்லமை, மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு எதிரில் வந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். நடக்கிறதா இல்லையா என்பது வேறு. எழுதியிருக்கிறார்கள்! எழுதத் தோன்றியிருக்கிறதே!

சிக்கல் ஒன்றுதான். கம்பெனி பக்கம் வக்கீல், எஞ்சினியர், கணக்கர் என்று ஒரு பட்டாளம் வரும். ஜனங்கள் பக்கம் யார் வருவது?

3

கிருபாபாய் வந்தார்.

முதல் பிரதியில் அவரை வக்கீலாக வைத்திருந்தேன். இரண்டு பக்கத்துக்குள் அவர் என்னைவிட நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார். எதற்கும் கைவசம் பதில். இப்படிப்பட்டவருக்கு என் கதை எதற்கு என்று தோன்றியது. கறுப்புக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தும் டீச்சராக்கினேன். நாசரேத்தில் பிறந்தவர். நாற்பதைத் தாண்டியவர். மின்சார உபயோகிப்போர் சங்கத்தின் செயலாளர். பெயர் கனமாக இருக்கிறதே தவிர, சங்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, வடை தின்றுவிட்டுப் போகிறவர்கள்.

அடுத்த சந்தேகம்: இந்த அம்மாளுக்கு எதற்கு இந்த வேலை? ஒரு காரணம் வேண்டாமா? அவருக்குக் கடலில் செத்துப்போன தம்பி ஒருவனை உண்டாக்கினேன். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். ஒரு பெண் பொதுக் காரியத்துக்குப் புறப்பட வேண்டுமென்றால் அவள் வீட்டில் இழவு விழுந்தாக வேண்டுமா என்ன?

உண்மையான காரணம் அவர் கடைவீதியிலிருந்து திரும்பி வரும்போது தெரிந்தது.

சாயங்காலம் தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம். எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள். கிருபாபாய் மட்டும் காய்கறிப் பையோடு நின்றுவிடுவார். எங்கோ பாபநாசம் மலையில் தண்ணீர் விழுகிறது. ஒரு சக்கரம் சுற்றுகிறது. அது சுற்றுகிற அந்தக் கணமே இங்கே, உப்புக்காற்றில் துருப்பிடித்த இந்தக் கம்பத்தின் உச்சியில், அந்த மலைத் தண்ணீர் வெளிச்சமாக இருக்கிறது. இருபது வருஷமாக இதைப் பாடமாக நடத்துகிறார். நடத்த நடத்த வியப்பு கூடிக்கொண்டுதான் போகிறது. தெரியாதவர்களுக்கு அது லைட்டு. அவருக்குத் தெரியும், அதனால் அற்புதம். அப்படிப்பட்ட ஒன்றை ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை என்று ஒருவன் அணைக்கலாம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். எனக்கு இது போதும். உங்களுக்கும் போதும் என்று நம்புகிறேன்.

4

தெரேசுபுரத்து பேபி, கிருபாபாய் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பேபி, ஒரு மாதிரியா இருக்க?"

"டீச்சர், ஒங்க சங்கத்துல எங்க லைட்டயும் சேப்பியளா?"

"எந்த லைட்டு?"

"எங்க அந்தோனியார் லைட்டு. பொழுது சாயிற நேரத்துக்கு அமத்திப்புடுதானுவ. எங்க வீட்டு ஆளு போன மாசம் கல்லுல மோதி, கை ஒடிஞ்சி வந்து சேந்தாவ. இப்பந்தான் கட்டு அவுத்தாச்சி. மறுபடி கடலுக்குப் போறாவ. அந்த லைட்டு மட்டும் எரிஞ்சா போதும் டீச்சர், வீட்டுல இருட்டுல கெடந்துக்கிடுதோம்."

தெரேசுபுரத்துக் கரையின் வடகோடியில் ஒரு குருசடி. ஒரு சிலுவை, ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் அந்தோனியார். பக்கத்தில் உயரமான கம்பம். கம்பத்தில் ஒரு பல்பு. இருட்டத் தொடங்கும் மசங்கலில் கரை திரும்பும் வள்ளங்கள் அந்தப் பல்பை அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, நேரே வைத்துக்கொண்டு வந்தால் மணலில் ஏறும். கொஞ்சம் விலகினால் கல்.

மழை பொய்த்த அந்த வருஷம் கம்பெனி இரண்டு காரியம் செய்தது. கட்டணத்தை உயர்த்தக் கேட்டது. சாயங்கால வெட்டுக்கு ஒரு வரிசை போட்டது. இரண்டையும் விசாரிக்கக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. வீடுகளுக்கு ஒரு நாள், கடைகளுக்கு ஒரு நாள் என்று முறை. ஆஸ்பத்திரிக்கும் துறைமுகத்துக்கும் வெட்டு கிடையாது. குருசடி லைட்டு வீடா? இல்லை. கடையா? இல்லை. தெருவிளக்கா? அங்கே தெருவே இல்லை. ஆகவே அது "இதர வகை". இதர வகைக்கு முறை கிடையாது. தினமும் ஆறரை மணிக்கு முதல் வெட்டு அதற்குத்தான்.

கிருபாபாய் கம்பெனிக்குப் போனார். எஞ்சினியர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர்; கிருபாபாய்க்குத் தம்பி முறை. எழுந்து நின்று நாற்காலி போட்டார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னதும் பார்த்தார். பார்த்தவர் முகம் கோணிப்போயிற்று.

"அக்கா, இத நான் வாசிச்சா நீங்க சிரிக்கப்படாது."

உபயோகிப்பாளர் பெயர்: அந்தோனியார். பிறந்த ஊர்: போர்த்துக்கல். தொழில்: கோடி அற்புதர்.

இந்தத் தவறை வேறெந்த ஊராலும் செய்திருக்க முடியாது. இணைப்பு வாங்கிய காலத்தில் யார் பெயரில் வாங்குவது என்று பெரிய சண்டை. அவன் பேரில் என்றால் இவன் ஒப்பவில்லை. இவன் பேரில் என்றால் அவன் அரிவாளைத் தேடினான். கடைசியில் எல்லோரும் சம்மதித்த பெயர் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி குமாஸ்தாவும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

[போர்த்துக்கல்லில் பிறந்தவர் என்பது உண்மைதான். அந்த வகையில் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் எதுவும் இல்லை.]

"விசாரணைல பேசணும்னா உபயோகிப்பாளர் வரணும். இல்ல, அவர் நியமிச்ச ஆளு வரணும். அதான் விதி" என்றார் தேவபிரசாதம். பிறகு, "நான் என்னக்கா செய்ய?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார்.

5

[இந்தப் பகுதியில் வரும் சடங்கு என் கற்பனை. அதற்கு அடியில் இருக்கும் வழக்கம் என் கற்பனை அல்ல. முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் சொல்லப்பட்டு வருவது.]

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆள் நியமிக்க ஊர் கரையில் கூடியது; கிருபாபாயும் வந்திருந்தார். பேசியவர் சிலுவை என்ற பெரியவர். இளவயதில் சங்கு குளித்தவர். இப்போது இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். சட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவர் பேச்சுக்குத் தடையாக இருந்ததும் கிடையாது.

"குளிக்கப் போறவன் இடுப்புல கயிறு. கீழ எறங்கிட்டான்னா அவனுக்கு வாயி கெடையாது. மேல வள்ளத்துல கயித்தப் பிடிச்சிருக்கானே, அவந்தான் அவனுக்கு வாயி. அந்தக் கயித்தக் கூலிக்காரன் கையில குடுப்போமாலே? மச்சான் கையிலதான் குடுப்போம். ஏன்? இவன் செத்தா அவன் தங்கச்சி தாலியறுப்பா. அதனால மச்சான் கண்ணசர மாட்டான். இப்பம் நம்ம அந்தோனியாரு கீழ இருக்காரு. அவருக்கு மேல ஒரு மச்சான் வேணும்."

"சாமியாருக்குப் பொண்டாட்டியே இல்ல, மச்சான் எங்கேருந்து வருவாரு?" என்றாள் பேபி. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"பொண்டாட்டி இல்லாட்டி என்னளா? யாருக்குத் தவிப்போ அவந்தான் மச்சான்" என்றார் சிலுவை.

யார் என்று கேட்டதும் பழைய சண்டை திரும்பியது. அவனா, இவனா, அவன் வந்தால் நான் வரமாட்டேன். கிருபாபாய் இருகைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். கூச்சல் மெல்ல அடங்கிற்று. ஏன் அடங்கிற்று என்று நிமிர்ந்து பார்த்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, நானா? நான் பொம்பள. அதுவும் போக நாங்க புராட்டஸ்டண்டு. எங்க சபைல புனிதர்கிட்ட வேண்டுற வழக்கமே கெடையாது."

"அதான் டீச்சர் நல்லது" என்றார் சிலுவை. "நாங்கன்னா வேண்டிக்கிட்டு, அவரு பாத்துக்கிடுவாருன்னு கையக் கட்டிக்கிட்டு இருந்துருவோம். நீங்க வேண்ட மாட்டிய. நீங்களே செஞ்சிருவிய."

ஒரு பழைய குளிகயிற்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு நுனியைக் கூண்டின் கம்பியில் கட்டினார்கள். மறு நுனியைக் கிருபாபாயின் கையில் வைத்தார்கள். சிலுவையின் குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு சட்டந்தான் டீச்சர். கயிறு அசைஞ்சா இழுக்கணும். பையில சங்கு விழுந்துச்சா இல்லியான்னு யோசிக்கப்படாது. வெறும் பையோட வந்தாலும் ஆளு வந்துட்டான்லா."

கயிறு உப்பேறி, முள்ளாகக் குத்தியது. அதன் மறு நுனியில் மரப் புனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னால் ஊரும் கடலும். கிருபாபாய் பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். இப்படி ஒரு பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

6

விசாரணையை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தேன். குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மணவறை மேடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "உபயோகிப்பாளர் மட்டுமே ஆட்சேபணை தெரிவிக்கலாம். இந்த இணைப்பின் உபயோகிப்பாளர் காலமாகி எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த அம்மாளுக்கு இங்கே பேச உரிமை இல்லை."

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

கிருபாபாய் பயத்தோடுதான் எழுந்தார். வகுப்பில் பேசுவது வேறு. "ஐயா, மாசாமாசம் கம்பெனி அவர் பேருக்குத்தான் பில் அனுப்புது. பில் வாங்கும்போது உயிரோட இருக்கிறவர், கேள்வி கேக்கும்போது மட்டும் செத்துப்போவாரா?"

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஆனால் கிருபாபாய் சிரிக்கவில்லை. இவ்வளவு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பயம் போய்விட்டது.

"ஐயா, நான் கேக்கிறது ஒண்ணுதான். ஒரு லைட்டோட உபயோகிப்பாளர் யாரு? மீட்டர்ல பேர் இருக்கிறவரா, பணம் கட்டுறவரா, இல்ல அந்த வெளிச்சத்தப் பாத்து வழி நடக்கிறவரா? கம்பெனி கணக்குல பாக்கிறவங்களுக்கு எடமே இல்ல. இந்த லைட்டப் பாக்கிறவங்க இப்பம் கடல்ல இருக்காங்க. அவங்களால இங்க வர முடியாது. அவங்க வரமுடியாத எடத்துல இருக்கிறதாலதான் அந்த லைட்டே எரியுது. அவங்களுக்குப் பதிலா கயிறு பிடிக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

இதை எழுதியபோது நான் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். நான் எழுதிக்கொடுத்த பேச்சு அல்ல இது. கம்பெனியின் சட்டதிட்டம் அத்தனையிலும் கடலில் இருக்கிறவனுக்கு ஒரு கட்டம் இல்லை என்பது எனக்கே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தலைவர் பேசினார். "இன்று சாயங்காலம் நாங்கள் கரைக்கு வருகிறோம். வெட்டு வழக்கம்போல நடக்கட்டும். அந்த லைட்டு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கிறேன்."

வெளியே வேப்பமரத்தடியில் தேவபிரசாதம் கிருபாபாயை மறித்தார். "அக்கா, எங்க வக்கீல் சொல்லப்போறத முன்கூட்டியே சொல்லிருதேன். லைட்டு இல்லாட்டியும் பொம்பளைங்க ஓலைப் பந்தம் கொளுத்தி வள்ளத்த ஏத்திருதாங்க, லைட்டு அவசியமில்லன்னு சொல்லுவாரு. இன்னைக்கு மட்டும் கரையில ஒரு பந்தம் எரிஞ்சிதுன்னா கேசு முடிஞ்சிபோச்சு."

7

கிருபாபாய் கரைக்குப் போய்ப் பெண்களைக் கூட்டினார். இன்றைக்கு ஒரு நாள் பந்தம் வேண்டாம். குழுவுக்கு இருட்டைக் காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்தால் இனி வருகிற சாயங்காலம் எல்லாம் லைட்டு எரியும். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள். பேபி கடைசியாகச் சரி என்றாள். அவள் கணவர் மரியானின் வள்ளம் இன்னும் வரவில்லை.

குழு வந்தது, கம்பெனி வக்கீலையும் தேவபிரசாதத்தையும் கூட்டிக்கொண்டு. மணலில் நின்றது. ஆறரைக்குப் பல்பு அணைந்தது.

இருட்டு சட்டென்று வரவில்லை. கடல் முதலில் போயிற்று, பிறகு கல், பிறகு பக்கத்தில் நிற்பவர் முகம். அலைச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலைவர், "என் கையே எனக்குத் தெரியவில்லையே" என்று மெதுவாகச் சொன்னார். கிருபாபாய் தனக்குள் சொல்லிக்கொண்டார்: நடக்கிறது. அவர் பார்க்கிறார். இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தூரத்திலிருந்து வரவில்லை. கிட்டத்தில், கல் இருக்கிற பக்கமாக.

"ஏலே... கரை எங்கனலே..."

அது மரியான் குரல். பேபி கையில் காய்ந்த ஓலைக் கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. கிருபாபாய்க்கு அது தெரியும். பேபி கொளுத்தவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

[இந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டேன். என்ன நியாயம் சொல்வது? ஒரு தட்டில் ஒரு சாயங்காலம். மறு தட்டில் இனி வரும் எல்லாச் சாயங்காலங்களும். ஒரு வள்ளம்; எல்லா வள்ளங்களும். பௌதிக டீச்சருக்கு எந்தத் தட்டு தாழும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பொறு என்றுதான் கணக்கு சொல்கிறது. அவரைப் பொறுக்க வைத்து ஒரு பிரதி எழுதினேன். அந்தப் பிரதியில் அவர் ஜெயித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்க —]

"கொளுத்துளா பேபி!" என்று கிருபாபாய் கத்தினார்.

எவரையும் அவர் அப்படி அதட்டிக் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் அவருக்கே புதிது. "கொளுத்துங்க, எல்லாரும் கொளுத்துங்க!"

ஒரு தீக்குச்சி. ஓர் ஓலை. பிறகு கரை நெடுக ஓலைகள். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். இடுப்பளவு நீரில் நின்று பந்தத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். காற்று நெருப்பைப் பிய்த்து எறிந்தது. அணைய அணைய அடுத்ததைப் பற்ற வைத்தார்கள். கிருபாபாயும் கணுக்கால் நனைய, முழங்கால் நனைய, ஒரு பந்தத்தோடு அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். கரை முழுவதும் ஒரே செம்மை. குழுவின் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். அரசாங்கச் சம்பளத்தில் அப்படி ஒரு காட்சி அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

வள்ளங்கள் வந்தன. ஒரே இடத்தில் ஏறவில்லை. எந்தப் பந்தம் தெரிந்ததோ அதை நோக்கி ஆளுக்கொரு பக்கமாக வந்தன. மரியானின் வள்ளம் கல்லில் உரசி, ஒரு பலகை போயிற்று. ஆனால் எல்லோரும் வந்துவிட்டார்கள். மரியான் நடந்தே கரையேறினார். பேபி அவரைத் தொடக்கூட இல்லை. மணலில் உட்கார்ந்து ஓங்கி அழுதாள்.

கம்பெனி வக்கீல் குனிந்து, எரிந்துகொண்டிருந்த ஓலையின் வெளிச்சத்திலேயே ஏதோ குறித்துக்கொண்டார். தேவபிரசாதம் ஒன்றும் குறிக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கிருபாபாயிடம் வந்தார். "அம்மா, இதைக் கொளுத்தச் சொன்னால் உங்கள் மனு என்னாகும் என்று தெரிந்துதான் சொன்னீர்களா?"

"தெரியும் ஐயா."

"பிறகு ஏன்?"

கிருபாபாயின் கண்ணில் புகை. துடைத்துக்கொண்டார். "லைட்டுக்காக ஆளு இல்ல ஐயா. ஆளுக்காகத்தான் லைட்டு."

8

முடிவு மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் தலைவர் அங்கேயே, அந்த மணலிலேயே, இனி அந்த விளக்கை அணைக்கக் கூடாது என்று உத்தரவிடுகிறார். ஊர் டீச்சரைத் தூக்கிக்கொண்டாடுகிறது. எழுதி முடித்ததும் வாய் இனித்தது. மறுநாள் காலை படித்தேன். நீதிபதிகள் மணலில் உத்தரவு போடுவதில்லை.

இரண்டாவதில், "மாற்று ஏற்பாடு இருப்பது நேரில் காணப்பட்டது" என்று அறிக்கை வருகிறது. விளக்கு இதர வகையிலேயே கிடக்கிறது. இதை எல்லோரும் நம்புவார்கள். நம்புவார்கள் என்பதாலேயே எனக்கு எழுதக் கை வரவில்லை.

மூன்றாவதில் கோப்பு சென்னைக்குப் போகிறது. அதோடு சரி.

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டுக் குழுவை மண்டபத்துக்குத் திரும்ப அழைத்தேன். பேசுங்கள் என்றேன்.

உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "பந்தத்தில் வள்ளம் வந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். விளக்கு இல்லாமல் முடியும் என்றால், பஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை அங்கே ஏன் எரிக்க வேண்டும்?"

இதில் தவறென்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மற்றவர் சொன்னார்: "நானும் கண்ணால் பார்த்தேன். தன் வழக்குத் தோற்கும் என்று தெரிந்தும் ஒரு பெண் பந்தம் கொளுத்தச் சொன்னாள். அவ்வளவு அவசரம் அங்கே இருந்தது. இருட்டில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? பெண்கள் தினமும் கடலுக்குள் இறங்கி நெருப்பாக நிற்பதற்குப் பெயர் மாற்று ஏற்பாடா?"

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வாய் திறக்கவில்லை. நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், இந்தப் பக்கத்துக்கு வெளியே, உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓட்டு இப்போது ஒன்றுக்கு ஒன்று.

நீங்களும் கரையில் நின்று பார்த்தவர்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பலகையை மாற்றிக்கொண்டு மரியான் நாளை மத்தியானமே புறப்பட்டுவிடுவார். வெட்டு ஆறரைக்கு.